அமாவாசைப் பாடும் பழைய பாய்மரப் படகும்

பொன்னேரியில் இறங்கி, பழவேற்காட்டுக்குப் போக வேண்டும் என்று யாரிடம் சொன்னாலும், "பூநாரை பாக்கவா?" என்று கேட்கிறார்கள். ஷேர் ஆட்டோக்காரரும் அதையேதான் கேட்டார்.

"இல்லைங்க, படகு வாங்க வந்திருக்கோம்" என்றேன்.

அவர் என் வீட்டுக்காரரின் சட்டை மடிப்பையும் என் கைப்பையையும் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார். "மீன் புடிக்கவா?"

"இல்லைங்க."

"அப்ப ஜனம் ஏத்தி ஓட்டவா?"

"அதுவும் இல்லைங்க. நாங்க ரெண்டு பேரும் போறதுக்குத்தான். முதல்ல பாண்டிச்சேரி. அப்புறம் அப்படியே கன்னியாகுமரி சுத்திக் கொச்சி."

"பாண்டிக்கி பஸ்ஸு கீதேம்மா" என்றார், உண்மையான அக்கறையோடு.

பஸ் பற்றிப் பேசியது ஆட்டோவுக்குப் பிடிக்கவில்லை போலும். காட்டூரைத் தாண்டியதும் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. இரண்டு பக்கமும் அறுப்பு முடிந்த வயல். கூட வந்த மூன்று பேர் இறங்கி, பின்னால் வந்த பஸ்ஸைக் கை காட்டி ஏறிப் போய்விட்டார்கள். நாங்கள் போக முடியவில்லை. ஏனென்றால் என் வீட்டுக்காரர் சண்முகம் ஏற்கெனவே ஆட்டோவின் பின்புறம் குனிந்திருந்தார். திருப்பூரில் முப்பது வருடம் தையல் மிஷினும் ஜெனரேட்டரும் பழுது பார்த்தவர். நின்றுபோன இயந்திரத்தைப் பார்த்துவிட்டு அவரால் நகர முடியாது.

வைக்கோல் உருட்டிக்கொண்டிருந்த ஒரு விவசாயி வரப்பேறி வந்தார். அவருக்கும் கதை சொன்னேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. காற்றில் போகிற படகு, பாய் கட்டிப் போகிற படகு என்று விளக்கினேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகம் துடைத்தார்.

"நாங்க மழைய நம்பிக் குந்திகினு கீறோம். நீங்க காத்த நம்பிக் கெளம்பிட்டீங்க. எங்களவிட உங்களுக்கு தில்லு ஜாஸ்திம்மா."

இந்த மாதிரி ஒரு வார்த்தை கிடைத்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

என் கைக்குட்டையைப் பலி கொடுத்து ஸ்பார்க் பிளக்கைத் துடைத்து மாட்டியதும் ஆட்டோ கிளம்பிவிட்டது. ஆட்டோக்காரர் பழவேற்காடு போய்ச் சேரும்வரை ஒரே கேள்விதான் கேட்டார். "அண்ணே, அடுத்த வாரமும் இந்தப் பக்கம் வருவீங்களா? மாசத்துக்கு ரெண்டு வாட்டி நிக்குது."

கடலே இல்லாத ஊர்க்காரர்களுக்கு ஏன் இந்த ஆசை என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் பனியன் கம்பெனியிலிருந்து போன சரக்கில் தையல் பிரிந்துவிட்டது என்று ஒருமுறை வெளிநாட்டு வியாபாரி சத்தம் போட்டார். சமாதானம் சொல்ல நானே நேரில் போனேன். சண்டை முடிந்த மறுநாள் அந்த மனிதர் என்னைத் தன் பாய்மரப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். இன்ஜினை அணைத்ததும் ஒரு அமைதி வந்தது பாருங்கள். நாள் முழுக்க நூறு மிஷின் ஓடுகிற சத்தத்தில் வாழ்ந்தவளுக்கு அது என்ன செய்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பி வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர், "இன்ஜின் இல்லாம போற வண்டியா?" என்று முதலில் வருத்தப்பட்டார். பிறகு இரண்டு பேரும் பாண்டிச்சேரிக்கு வார இறுதியில் போய்ப் போய்க் கற்றுக்கொண்டோம். சொல்லிக்கொடுத்த குமார்தான் இந்தப் படகைப் பற்றிச் சொன்னவர்.

படகு ஒரு சென்னை டாக்டருடையது. இருபத்தேழு அடி, பழைய வெளிநாட்டுப் படகு. மூன்று வருடம் முன்பு நல்ல மழைக்குப் பிறகு, ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரம் ஆழமாகத் திறந்து கிடந்த நேரம், இரண்டு நாள் பறவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவர் உள்ளே வந்திருக்கிறார். மண் சேர்ந்து வாய் மூடிக்கொண்டது. மழைக்காலத்தில் வாய் மறுபடி திறக்கும். அப்போது வெளியே கடல் கொதிக்கும். கடல் அடங்கும்போது வாய் மேடாகிவிடும். இப்படியே மூன்று வருடம் போய்விட்டது. இப்போது டாக்டர் முடிவெடுத்துவிட்டார். வருகிற மாசி அமாவாசைப் பெருக்கில், கடல் தண்ணீர் ஏறி நிற்கும் நேரத்தில், படகை வெளியே எடுத்துவிட்டால் அது எங்களுக்கு. இல்லாவிட்டால் ரெஸ்டாரண்ட் வைக்கப் போகிற ஒருவருக்கு. அவர் படகின் அடியை அறுத்துவிட்டுக் கரையில் நட்டு வைத்து அதில் காபி விற்பாராம். அமாவாசைக்கு அன்றைக்கு மூன்று நாள் இருந்தது.

பழவேற்காட்டிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு குப்பம். பெயரைச் சொல்லி அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். அங்கே தேசம்மா வீட்டுப் பின்புறத்து ஓடையில் படகு நின்றது. சாவி தேசம்மாவிடம்தான். மீன் விற்கிறவர், என் வயதுதான் இருக்கும், குரல் மட்டும் அக்கரைவரை போகும். ஊரே அந்தப் படகை "டாக்டரு ஊடு" என்று சொல்கிறது. வீடு மாதிரிதான் வைத்திருந்தார்கள். கைப்பிடிக் கம்பிகளில் வலை காய்ந்தது. மேல்தளத்தில் நெத்திலி காய்ந்தது. பாய்மரத்தின் நுனியில் ஒரு நீர்க்காகம் நிரந்தரமாகக் குடியிருந்தது.

"உள்ள வாங்கக்கா" என்று தேசம்மா தன் வீட்டுக்கு அழைப்பது போலவே படகுக்குள் அழைத்தார். "மூணு வருசமா நாந்தான் பெருக்கறேன். அடுப்பப் பாத்தீங்களா? ஊஞ்சலாடுது. படகு சாஞ்சாக்கூட கொழம்பு சாயாதாம். டாக்டரு சொன்னாரு."

"வெச்சுப் பாத்தீங்களா?"

"வெச்சேன். கொழம்பு சாயல. நாந்தான் சாஞ்சிட்டேன்."

பிறகு ஒரு சிறிய கதவைத் திறந்து காட்டிவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஊருக்கே இதான்க்கா வேடிக்கை. சோறாக்கற எடத்துல இருந்து ரெண்டு அடி. கக்கூசு!"

நான் வேலையை ஆரம்பித்தேன். பழைய படகு வாங்குவதற்கு முன் மரச் சுத்தியலால் உடம்பெல்லாம் தட்டிக் கேட்க வேண்டும். கணீரென்றால் நல்லது, சொத்தென்றால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. நான் காதை வைத்துத் தட்டித் தட்டிப் போனேன். தேசம்மா பின்னாலேயே வந்தார்.

"இன்னாக்கா, பலாப்பழம் வாங்க வந்தா மாதிரி தட்றீங்க?"

"பழம் நல்லாத்தானுங்க இருக்குது. சுக்கான் பக்கம் கொஞ்சம் அழுகல்."

பாய்களை உறையிலிருந்து எடுத்து மணலில் விரித்தபோது எனக்குத் தெம்பு வந்துவிட்டது. வெயிலில் நூல் செத்துப்போயிருந்தது, விரலால் இழுத்தால் பொடிந்தது. துணி மட்டும் உயிரோடு இருந்தது. நூல் செத்ததற்கெல்லாம் பயப்படுகிற ஊரா திருப்பூர்? கையோடு கொண்டு வந்திருந்த ஊசியும் தடித்த நூலுமாக அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கம் வீட்டுக்காரர் இன்ஜின் பெட்டிக்குள் இடுப்புவரை இறங்கியிருந்தார். துரு, துரு என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. வருத்தமாகச் சொன்னாரா, சந்தோஷமாகச் சொன்னாரா என்று எனக்கே தெரியவில்லை.

மத்தியானம் தேசம்மா மடவை மீன் குழம்பும் நண்டு வறுவலும் போட்டார். எங்கள் ஊரில் அரிசியும் பருப்பும் சேர்த்து ஒரு சாதம் செய்து, நெய் ஊற்றிச் சாப்பிட்டு, சொர்க்கம் என்போம். இங்கே தட்டில் குழம்பு ஒரு குளம் மாதிரி நின்றது. வீட்டுக்காரர் நண்டுக் காலை ஸ்பேனர் பிடிப்பது போலப் பிடித்துக்கொண்டு திணறினார். "கடிங்கண்ணே, அது இன்னா உங்க மாமியாரா, பயந்துகினு கீறீங்க" என்றார் தேசம்மா. என் அம்மா மேல் அவருக்கு இருக்கும் பயம் இவ்வளவு தூரம் எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

மறுநாள் பாண்டிச்சேரியிலிருந்து குமார் வந்து சேர்ந்தார். முப்பது வயது, பேச்சு குறைவு. ஒரு கழியில் அடிக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு, முகத்துவாரம் முழுக்க ஒரு சின்னப் படகில் போய் ஆழம் பார்த்தோம். பெருக்கு உச்சத்தில் மேட்டின் மேல் நாலடித் தண்ணீர். எங்கள் படகுக்கு வேண்டியது நாலரை. அதன் வயிற்றுக்கு அடியில் மீன் துடுப்பு மாதிரி ஒரு இரும்புக் கீல் தொங்குகிறது. படகு கவிழாமல் இருப்பதே அதனால்தான். மேட்டில் மாட்டப்போவதும் அதனால்தான்.

"அரை அடிதான்" என்றார் குமார். "படகை ஒரு பக்கமா நல்லாச் சாய்ச்சா கீலும் சாயும். நாலடிக்குள்ள வந்துடும். பாய் கட்டற குறுக்குக்கட்டையை வெளிய தள்ளி, அதுல ஏழெட்டுப் பேரு உக்காந்து தொங்கணும்."

"ஏழெட்டுப் பேருக்கு எங்கே போறதுங்க?"

"ஊரே இருக்கே."

ஊர் இருந்தது. ஆனால் அமாவாசையன்றைக்கு ஊருக்கு வேறு வேலையும் இருந்தது. அதை மறுநாள் டீக்கடையில்தான் தெரிந்துகொண்டேன்.

அந்த டீக்கடை இட்லியும் வடகறியும் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். நாஷ்டா என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இட்லிக்குச் சட்னிதான் துணை; இங்கே பருப்பு வடையைப் பிய்த்துப் போட்ட குழம்பு. இரண்டாவது தட்டு வாங்கும்போது, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களிடம் அமாவாசைக் காலையில் எங்களுக்கு ஆள் வேண்டும் என்று பேச்சை எடுத்தேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஊர்ப் பெரியவர், நாட்டார் என்று கூப்பிடுகிறார்கள், அவர்தான் சொன்னார். "அன்னிக்கி வாயில ஏழுமலையோட பாடும்மா. அவனத்தான் கேக்கணும். நானே கூட ஒண்ணும் சொல்ல முடியாது."

ஏழுமலை தேசம்மாவின் கணவர். வீட்டில் இரண்டு நாளாகப் பார்த்திருந்தேன். மெலிந்த ஆள், பேச்செல்லாம் மனைவிக்குக் குத்தகை விட்டுவிட்டது போல இருப்பார். அப்போது பெஞ்சின் ஓரத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.

பாடு என்றால் இதுதான். நல்ல இறால் கிடைக்கும் இடம் இந்த வாய்தான். எல்லோரும் ஒரே நாளில் இறங்கினால் சண்டை வரும். அதனால் சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன ஆளுக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். முறை உள்ளவர் தன் ஆட்களோடு வாயின் குறுக்கே வரிசையாகக் கழிகளை ஊன்றி, வலை கட்டி, வடியும் தண்ணீரோடு இறங்கி வரும் இறாலை மடக்குவார். கழி ஊன்றுவதற்குத் தண்ணீர் அசையாமல் நிற்க வேண்டும். பெருக்கு உச்சத்தில் தண்ணீர் நிற்கிற அந்த அரை மணி நேரத்தில்தான் அதைச் செய்ய முடியும். எங்கள் படகு மேட்டைத் தாண்டுவதற்கும் அதே அரை மணிதான்.

"எனக்கு அமாவாசையில பாடு உயுந்து ரெண்டு வருசம் ஆச்சு" என்றார் ஏழுமலை. "மத்த நாள்ல வர்றது வேற. அமாவாசைத் தண்ணியில வர்றது வேற. உங்க படகு மேட்டுல மாட்டிக்கினு நடுவுல நின்னுச்சுன்னா, எனக்கு அந்தத் தண்ணி போச்சு. அடுத்த அமாவாசை யாருக்கோ."

இங்கேதான் நான் சொதப்பினேன். திருப்பூரில் எல்லாவற்றுக்கும் ரேட் உண்டு. காலர் தைக்க ஒரு ரேட், காஜா எடுக்க ஒரு ரேட், அவசரம் என்றால் அதற்கு மேல் ஒரு ரேட். அந்தப் பழக்கத்தில் வாய் முந்திக்கொண்டது.

"சரிங்க, அன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் உங்க முறையை எங்களுக்குக் குடுத்துடுங்க. நல்லா கிடைச்சா எவ்வளவு வருமோ அதைச் சொல்லுங்க. அதுக்கு மேலயே தர்றோம்."

ஒருவர் பீடியை அணைத்தார். நாட்டார் தன் செருப்பைப் பார்த்தார்.

ஏழுமலை டம்ளரைக் கீழே வைத்தார். "பாடு விக்கிறதுக்கு அது இன்னா என் ஊட்டு ஆடா?" என்றார். எழுந்து போய்விட்டார். டீ பாதி அப்படியே இருந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார் நாட்டார். "தண்ணி ஊரோடது. அவனுக்கு அன்னிக்கி எறங்கற முறை மட்டுந்தான். அவன் எறங்கலன்னா தண்ணி சும்மாக் கெடக்கும், இன்னொருத்தன் தொடமாட்டான். காசு வாங்கிகினு உட்டான்னு வையி, நாளைக்கி காசுக்காரன் ஒவ்வொரு அமாவாசையும் வந்து நிப்பான். அப்பறம் சீட்டு எதுக்கு? அவன எல்லார் முன்னாடியும் அப்புடிப்பட்ட ஆளாக்கிட்டீங்க."

வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் வடகறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத் தாம்பத்தியத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போனால் தேசம்மா வாசலிலேயே நின்றிருந்தார். எங்களுக்கு முன்பே செய்தி போய்விட்டது.

"ஏங்க்கா, உங்க ஊர்ல தாலிக்கும் ரேட்டு கேப்பீங்களா?"

"தப்புத்தான் அம்மிணி. வாய் தவறிப்போச்சு."

"வாயி தவறல. மனசுலயே அப்புடித்தான் கீது. போங்க, போய் அவராண்ட சொல்லுங்க. என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போது? நான் பேஜாருல கீறேன், சோறு வேற இன்னும் வடிக்கல."

ஏழுமலை ஓடைக்கரையில் கழிகளின் முனையைக் கத்தியால் சீவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மன்னிப்பு என்ற சொல்லைச் சொன்னால் அவர் இன்னும் கூச்சப்படுவார் என்று தோன்றியது. அதனால் உள்ளதைச் சொன்னேன். "எனக்கு வேற மாதிரி கேக்கத் தெரியலீங்க. நாங்க விலை பேசியே வளர்ந்தவங்க. அந்தப் படகை விட மனசில்லை. அறுத்துக் கரையில நட்டுடுவாங்களாம். உங்க முறையும் கெடக்கூடாது. என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க."

அவர் இன்னொரு கழியை எடுத்தார். சீவினார். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் பிறகு சொன்னார், தன் வாழ்நாளில் அவ்வளவு நேரம் என்னை அப்படிப் பார்த்ததில்லையாம்.

"அன்னிக்கி அந்தத் தண்ணியில நான் சொல்றதுதான்" என்றார் கடைசியில். "அந்தத் தண்ணியில யாரு நின்னாலும் அவன் என் ஆளு. சரியா?"

"சரிங்க."

"ரெண்டு பக்கமும் கழி முன்னாடியே ஊனிடுவோம். நடுவுல மட்டும் வழி உடறேன். படகு சாஞ்சா மரமும் சாயுமே, அதுக்கும் சேத்து எடம் உடணும். எங்க ஆளு எட்டுப் பேரு. அஞ்சு பேரு உங்க கட்டையில தொங்குவோம். அதுக்குப் பதிலா உங்க ஆளுங்க என் கழியப் புடிக்கணும். படகு தாண்டுனதும் எல்லாரும் குதிச்சு வந்து நடுவுல மூடணும். வலை தூக்கற வரைக்கும் நீங்க போவக்கூடாது. படகு வெளியே நங்கூரம் போட்டு நிக்கட்டும்."

"அஞ்சு பேரு பத்தாதே" என்றார் குமார். "ஏழு பேராவது வேணும்."

உள்ளேயிருந்து தேசம்மா குரல் வந்தது. "நான் ஏறுறேன். நான் ஒருத்தி ரெண்டு ஆளு."

ஏழுமலை என்னைப் பார்த்தார். "நீங்களும்தான். நல்ல வெயிட்டு கீறீங்க."

என்னை அப்படிப் பாராட்டி யாரும் வேலைக்கு எடுத்ததில்லை.

அமாவாசைக் காலை வாடைக் காற்று மெல்ல வீசியது. இன்ஜின் முந்தின நாள் சாயங்காலமே உயிர் பெற்றிருந்தது. வீட்டுக்காரர் அதற்கு விபூதி வைத்திருந்தார். அவர் வேட்டியை மடித்துக் கட்டி, மார்பளவுத் தண்ணீரில் ஏழுமலையின் மூன்று ஆட்களோடு கழி பிடித்து நின்றார். தரையில் நிற்பது போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர், "உஷாரா நில்லுண்ணே, கால நவுத்தாத, நண்டு கீது" என்று சொன்னதிலிருந்து அவர் அசையவே இல்லை.

குமார் சுக்கான் பிடித்தார். குறுக்குக்கட்டையை வெளியே தள்ளி, மரத்து உச்சியிலிருந்து வரும் கயிற்றில் கட்டினோம். அதன் நுனிப் பட்டையை நான்தான் இரட்டைத் தையல் போட்டுத் தைத்திருந்தேன். ஏழுமலை உட்பட ஐந்து ஆண்கள் அணில் மாதிரி ஏறிப் போனார்கள். தேசம்மா சேலையைக் கச்சம் போல இழுத்துக் கட்டிக்கொண்டு ஏறினார். நான் சுடிதாரில் ஊர்ந்தேன். கீழே தண்ணீர், மேலே நீர்க்காகத்தின் வசவு. படகு மெல்ல எங்கள் பக்கம் சாய்ந்தது. உள்ளே பாத்திரங்கள் உருண்டன.

"கொழம்பு வெச்சிருந்தா பாத்திருக்கலாம்" என்றார் தேசம்மா என் காதருகில்.

மேட்டின் முன்பகுதியைத் தாண்டிவிட்டோம். இரண்டு பக்கமும் கழி வரிசை நகர்ந்து போயிற்று. என் கால் விரல் நனைந்தது. அப்போது அடியிலிருந்து ஒரு உராய்வு வந்தது. மூட்டையை மணலில் இழுப்பது போன்ற சத்தம். படகு நின்றுவிட்டது. குமார் இன்ஜினை முழு வேகத்தில் விட்டார். பின்னால் சேறு கலங்கியதுதான் மிச்சம்.

எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் கவர் ஒரே இடத்தில் மிதந்துகொண்டிருந்தது. பிறகு அது கடல் பக்கம் ஒரு சாண் நகர்ந்தது.

"ஏ நைனா, தண்ணி திரும்பிடுச்சு" என்றார் கட்டையில் இருந்த ஒருவர். "எறங்கிடலாம். இருக்கறத வெச்சு ரெண்டு பக்கமாவது கட்டிக்கலாம்."

படகை அப்படியே விட்டுவிட்டு அவர்கள் குதித்துப் போய்க் கழி ஊன்றினால், நடுவில் எங்கள் படகு நிற்கும். பாதி இறாலாவது கிடைக்கும். காத்திருந்தால் ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். இறங்குங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாயில் வந்தது. அந்தப் படகின் மேல் இருந்த ஆசை அதைத் தொண்டையிலேயே பிடித்துக்கொண்டது. இதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

ஏழுமலை கடல் பக்கம் பார்த்தார். "மூணு அலை பாப்போம்" என்றார். பிறகு எங்கள் எல்லோரையும் தாண்டி, கட்டையின் கடைசி நுனிக்குப் போய், கையால் பிடித்துத் தண்ணீரில் தொங்கினார். "எல்லாரும் நுனிக்கி வாங்க! ஜல்தி! தேசம்மா, நவுரு!"

"நவுந்துகினுதான்யா கீறேன், நான் இன்னா பல்லியா?"

நகர்ந்தோம். ஒருவர் மடியில் ஒருவர். என் தையல் பட்டை முனகியது. முதல் அலை வந்து எங்கள் காலைத் தொட்டுப் போயிற்று. இரண்டாவது அலை அதைவிடச் சிறியது. தேசம்மா ஏதோ சாமி பெயரைச் சொன்னார். மூன்றாவது கொஞ்சம் உருண்டையாக வந்தது. படகு ஒரு மூச்சு எழுந்தது. குமார் விட்டார் பாருங்கள் இன்ஜினை. அடியில் கரகரவென்று சத்தம், பிறகு சத்தமே இல்லை.

"குதி!" என்றார் ஏழுமலை.

ஏழு பேரும் ஒரே நேரத்தில் கையை விட்டோம். நீச்சல் தெரியுமா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. தண்ணீர் கழுத்துவரைதான் இருந்தது. பாரம் இறங்கியதும் படகு சடாரென்று நிமிர்ந்து, தலையை உதறிக்கொண்டு, தன்பாட்டுக்குக் கடல் பக்கம் போனது. இவ்வளவு அழகாக அது போவதை நின்று பார்க்க எனக்கு நேரமில்லை. தேசம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கழி வரிசைக்கு ஓடினார். தண்ணீரில் ஓடுவது என்றால், கனவில் ஓடுவது மாதிரி.

நடுவில் மூடுவதற்குள் தண்ணீர் நன்றாக இழுக்க ஆரம்பித்துவிட்டது. நின்ற தண்ணீரில் ஒருவர் ஊன்றுகிற கழிக்கு இப்போது மூன்று பேர் தேவைப்பட்டார்கள். நானும் வீட்டுக்காரரும் ஒரே கழியைக் கட்டிப் பிடித்தோம். ஏழுமலை அதன் தலையில் அடித்தார். இரண்டு கழி பிடுங்கிக்கொண்டு போயிற்று. நீந்திப் போய் எடுத்து வந்தார்கள். ஒருவழியாக வலை கட்டி முடித்தபோது எங்கள் தோள்பட்டை இரண்டும் எங்களுடையதாக இல்லை.

பிறகு காத்திருப்பதுதான். வெளியே, அலைக்கு அப்பால், எங்கள் படகு நங்கூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. குமார் மேல்தளத்தில் கால் நீட்டிப் படுத்திருப்பது தெரிந்தது. டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாராம். எங்களுக்குச் சொந்தமான முதல் படகு. நாங்களோ இடுப்புத் தண்ணீரில், இன்னொருவர் வலையில், கால் விறைத்து நின்றுகொண்டிருந்தோம்.

வலையைத் தூக்கினோம். அதன் பை போன்ற மடி கனமாகத்தான் வந்தது. இறால் வெள்ளி மாதிரித் துள்ளியது, நடுவில் நண்டும் கெளுத்தியும். மோசமில்லை. ஆனால் ஏழுமலையின் ஆட்கள் முகத்தைப் பார்த்தேன். இரண்டு வருடம் காத்திருந்த அமாவாசைக்கு அவர்கள் மனதில் வைத்திருந்த மடி இதைவிடப் பெரியது. வடியும் தண்ணீரின் முதல் இழுப்பில் போனது போனதுதான்.

கரையில் கொட்டி, ஏழுமலை குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அள்ளி அள்ளிக் கூறு போட்டார். ஆளுக்கு ஒரு கூறு. வலைக்கு ஒரு கூறு. எட்டு ஆளுக்கும் வலைக்கும் சேர்த்து ஒன்பது ஆகும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கை நிற்கவில்லை. பதினொன்று வைத்தார்.

"இன்னா நைனா, ரெண்டு ஜாஸ்தியா கீதே?" என்றார் ஒருவர்.

"கழி புடிச்சாங்களா இல்லியா?"

"அவங்க படகுக்குத்தானே புடிச்சாங்க!"

"படகு போனப்பறம் எதுக்குப் புடிச்சாங்க?" என்றார் ஏழுமலை. அதோடு முடிந்தது. கேட்டவரும் சிரித்துவிட்டு, எங்கள் கூறிலிருந்து விழுந்த ஒரு இறாலை எடுத்து மறுபடி அதிலேயே வைத்தார்.

வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டார். வேண்டாம் என்று சொல்லிவிடு என்று அர்த்தம். எனக்கும் வாயில் அதுதான் வந்தது. உங்களுக்கு எவ்வளவு குறைஞ்சதுங்க என்ற கேள்வியும் கூடவே வந்தது.

கேட்கவில்லை. ஈரத் துப்பட்டாவைக் கழற்றி உதறி, ஏழுமலை முன்னால் மணலில் விரித்தேன்.

அவர் முதலில் எங்கள் கூறுகளை அள்ளிப் போட்டார். பிறகுதான் தன்னுடையதை எடுத்தார். மூன்றும் ஒரே அளவாகத்தான் இருந்தன.